செல்லசாமி வாசலில் நின்ற சிலுவை

சங்குமலைத் தோட்டத்துப் பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவை லேசுப்பட்ட சிலுவை இல்லை. பழைய தேயிலை ஸ்டோரை, அதுதான் தொழிற்சாலையை, இடித்தபோது, மாடியைத் தாங்கிக்கொண்டிருந்த உத்தரம் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் கோயிலுக்கென்று கேட்டு வாங்கிவிட்டான். அதில் செய்தது. இன்னமும் தேயிலை வாசம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். சுத்தப் பொய், முகர்ந்து பார்த்தால் இயந்திர எண்ணெய்ப் பிசுக்குத்தான் மூக்கில் ஏறும். ஒரு ஆளால் அதை அசைக்க முடியாது. முன்னால் ஒருவர் குறுக்கு மரத்தடியில் தோள் கொடுக்க, பின்னால் ஒருவர் அடிமரத்தைத் தாங்க, மலையடியில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற பணிய லயத்திலிருந்து உச்சிக் கோயில்வரை தரையில் படாமல் போய்ச் சேர வேண்டும்.

யார் தூக்குவது என்பதற்கு அந்தத் தோட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் எந்த வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீட்டு ஆள் முன்னால் பிடிப்பார். பின்னால் பிடிப்பது யார் என்பதை அவரேதான் சொல்ல வேண்டும், பாதர்கூட அதில் வாய் வைக்கக் கூடாது. முன்னால் போகிறவர் நடந்தால் ஊர்வலம் நடக்கும், நின்றால் நிற்கும். யாரும் நட என்று சொல்ல மாட்டார்கள். துக்கக்காரர் அல்லவா, அவருக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ யார் கண்டது.

இந்த வருஷம் அருளாயிதான் முன்னால் பிடிக்க வேண்டியிருந்தது. போன மழைக்காலம் முடிந்த கையோடு அவளுடைய தங்கச்சி பிரேமினியைக் குளவி கொட்டிக் கொன்றுவிட்டது. ஏழாம் நம்பர் மலையில் அக்காவும் தங்கச்சியும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பிரேமினி ஒரு செடிக்குள் கையை விட்டாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முச்சக்கர வண்டிக்குள் அக்காவின் மடியில் கிடந்து அடங்கிவிட்டாள். முகம் யாருடைய முகம் என்றே தெரியாமல் வீங்கிக் கிடந்தது. கல்யாணமாகி இன்னும் புதுப் பெண் என்ற பேர்கூட மாறவில்லை அவளுக்கு.

மலையில் கொழுந்துக்கு ஆள் இறக்குமுன், மருந்தடிக்கிறவர்கள் சுற்றிப் பார்த்து, குளவிக்கூடு இருக்கிற இடத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவார்கள். துணியைக் கண்டால் அந்தப் பக்கம் எந்தப் பெண்ணும் கை வைக்க மாட்டாள். ஏழாம் நம்பரைப் பார்க்க வேண்டியவன் செல்லசாமி. கட்டினேன், என் கையாலேயே கட்டினேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். போய்ப் பார்த்தால் துணியும் இல்லை, கம்பும் இல்லை. காலையில் மலையைச் சுற்றி வந்த கங்காணி இன்னாசி, தான் எந்தத் துணியையும் காணவில்லை என்று தோட்டத்து மேலாளரான தொரையிடம் சொன்னார். இன்னாசியோ கோயில் மூப்பர், பொய் பேசாத மனுஷர் என்று பேரெடுத்தவர், போதாததற்குச் செத்தவளுக்கு ஞானத்தகப்பன். அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது. செல்லசாமியின் வேலை போயிற்று. வேலை மட்டுமா போயிற்று, பேரும் போயிற்று. இப்போது நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்கு நாள்கூலியாகப் போய்வருகிறான், போகும்போதும் வரும்போதும் தலை நிமிருவதில்லை.

சாவு வீட்டன்று அருளாயி தலைவிரிகோலமாக மேல் லயத்துக்கு ஓடினாள். செல்லசாமியின் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். என் தங்கச்சி ஒடம்பு எரிஞ்ச மாதிரி உன் குடும்பம் எரியட்டும் என்றாள். தலையிலும் தோளிலும் விழுந்த மண்ணைத் தட்டாமல் அவன் அப்படியே நின்றான். அதுவும் அன்றைக்கு அவளுக்குத் திமிராகத்தான் பட்டது.

புனித வாரத்துப் புதன்கிழமை, அந்தி சாய்கிற நேரத்தில் இன்னாசி அவள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைப் போட்டால் உட்கார மறுத்துப் படியில் குந்தினார். சிலுவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்து வற்றியதுதான் மிச்சம்.

அவர் சொன்னது இதுதான். அன்றைக்குக் காலையில் ஏழாம் நம்பர் மலையில் துணி இருந்தது. அந்தச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கல் உண்டு, லயத்து இந்துக்கள் அதை முனி என்று கும்பிடுவார்கள், எலுமிச்சம்பழம் வைப்பார்கள், பட்டுத்துணி சாத்துவார்கள். இன்னாசிக்கு அதெல்லாம் இளவயதிலிருந்தே ஆகாது. திருவிழாப் பொங்கலைக் கொண்டுவந்து கொடுத்தால்கூடக் கை நீட்டாத ஆள். கம்பையும் சிவப்புத் துணியையும் கண்டதும், முனிக்கு எவனோ நேர்ந்து கட்டியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். வேலைக்காட்டில் இதென்ன கூத்து என்று பிடுங்கி, கம்போடு துணியைச் சுருட்டித் தண்ணீர்க் கானுக்குள் வீசிவிட்டார். வீசிவிட்டுப் பெண்களை நிரையில் இறக்கினார். ஒரு செபம்கூடச் சொன்னாராம், விக்கிரகத்தை அகற்றினதற்காக.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயமாக இருந்தது, பிறகு திறக்க முடியாமலே போய்விட்டது என்றார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் புள்ள. ஆண்டவர் மன்னிச்சுட்டாரு. யாருக்குக் கெடுதி செஞ்சீங்களோ அவுங்ககிட்ட போங்கன்னு பாதர் சொன்னாரு, வந்துட்டேன். வெள்ளிக்கெழம பின்னுக்கு என்னையப் புடிக்கச் சொல்லு. அதுதான் எனக்குத் தவசு. வெளிய மட்டும் தெரிய வேணாம்."

அருளாயி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செல்லசாமி அண்ணன்?"

இன்னாசி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேரை அவர் நினைத்தே பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன்தான் வேறு வேலை பார்த்துக்கொண்டானே என்றார்.

அவள் எழுந்து கதவைக் காட்டினாள். மாமா என்று கூப்பிட்டுப் பழகிய மனுஷரை அப்படிக் காட்டி அனுப்ப வேண்டிவரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை மாலைப் பூசையில் பாதர் விஜிதரன், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். வருஷா வருஷம் போல மூப்பர் இன்னாசியும் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அட்டை கடித்த தழும்பும் பித்தவெடிப்புமாக இருந்த அந்தக் கால்மேல் பாதர் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். கோயில் என்றும் பாராமல் அருளாயி கேட்ட மன்றாட்டைச் சொன்னால் கூசும். ஆண்டவரே, அந்தக் காலையும் குளவி கொட்டட்டும், என் தங்கச்சி துடித்த துடிப்பை அவரும் ஒருக்கா துடிக்கட்டும் என்று கேட்டாள். சும்மா இல்லை, முழங்காலில் நின்று கேட்டாள்.

கேட்டுவிட்டுச் சிலுவையில் தொங்குகிறவரை நிமிர்ந்து பார்த்துச் சண்டையும் போட்டாள். அதென்ன அவ்வளவு சுளுவாக மன்னிப்பது? பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் குந்திக் குசுகுசுவென்று சொன்னால் தீர்ந்துபோகிற காரியமா இது? நீர் இரக்கமுள்ளவர், சரி. அப்படியானால் பிரேமினிக்கு யார் நியாயம் சொல்வது? கோயில் வாசலைக்கூட மிதிக்காத அந்தச் செல்லசாமிக்கு யார் சொல்வது?

காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் கால் கழுவியவர்தானே இவர் என்ற நினைப்பு அப்போதுதான் குறுக்கே வந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பிற்று. ஆமாம், கழுவினார். இன்னார் செய்யப்போகிறான் என்று தெரிந்துகொண்டே கழுவினார். ஆனால் கழுவினதற்காக, நீ ஒன்றும் செய்யவில்லை என்று அவனிடம் சொன்னாரா? இல்லையே. கையில் துண்டு இருக்கும்போதே, உங்களில் எல்லாரும் சுத்தமாயில்லை என்றுதானே பேசினார்? அருளாயி இதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தாள். எழுந்தபோது என்ன செய்ய வேண்டும் என்று முடிவுகட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்குச் சிலுவை கிளம்பும். பின்னுக்கு யாரைச் சொல்கிறாய் என்று பாதர் கேட்க, இன்னாசி மாமா என்றாள் அருளாயி. சனங்கள் தலையாட்டினார்கள். ஞானத்தகப்பன் பிடிப்பதுதானே முறை என்றார்கள். இன்னாசிக்கு முகத்தில் ரத்தம் ஓடிற்று. பிழைத்தோம் என்று நினைத்திருப்பார், பாவம். முன்னால் போகிறவள் கையில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஆள் மறந்துபோனார்.

லயத்துப் பாதை நெடுக வாசலுக்கு வாசல் குடத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அம்மன் தேர் வந்தாலும் சரி, அந்தோனியார் சுரூபம் வந்தாலும் சரி, சுமந்து வருகிறவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றாமல் எந்த வீடும் விடாது. அதில் இந்து என்றும் வேதக்காரர் என்றும் பேதம் பார்ப்பதில்லை. செல்லசாமியின் வாசலில் மட்டும் குடம் இல்லை. தான் ஊற்றினால் காலை இழுத்துக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

மேல் லயத்துக் கடைசிக் காம்பரா வீடு அவனுடையது. அங்கே சிலுவைப்பாதை ஸ்தலம் எதுவும் கிடையாது, செபமும் கிடையாது, பாட்டோடு கடந்துபோகிற இடம். அந்த வாசலுக்கு நேராக அருளாயி நின்றாள்.

முன்வரிசை இடித்துக்கொண்டு நின்றது. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து ஒரு பாட்டை முடித்து இன்னொன்றை எடுத்தார்கள். அதுவும் முடிந்தது. அவள் அசையவில்லை. பாதர் திரும்பிப் பார்த்துவிட்டு, வழக்கம் தெரிந்தவர் ஆகையால் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து தேயிலையை மூடிற்று, லயத்துக் கூரைகளை மூடிற்று, கடைசியில் சிலுவையும் அதைச் சுற்றி நின்ற சனங்களும் மட்டும் மிஞ்சினார்கள். பின்னால் அடிமரம் மெல்ல நடுங்குவதை அவள் தோளில் உணர்ந்தாள். புரிந்துவிட்டது மாமாவுக்கு என்று நினைத்தாள். நில்லுங்க, நல்லா நில்லுங்க, வாயத் தொறக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாட்டு ஏன் நின்றது என்று பார்க்கச் செல்லசாமி இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தான்.

அவன் சனங்களைப் பார்க்கவில்லை, இன்னாசியைப் பார்க்கவில்லை. அருளாயியைப் பார்த்தான். பிறகு அவள் காலடியில் கிடந்த மண்ணைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்துவிட்டு, வருவது வரட்டும் என்பதுபோல முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றான். இன்னொரு பிடி மண்ணுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் அந்த மனுஷன்.

அருளாயிக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. பாவியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்றல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தாள். இந்த வாசலில் கடன்பட்டவர் ஒருவர் இல்லை, இரண்டு பேர். சிலுவையின் இரண்டு முனையையும் பிடித்திருந்த இரண்டு பேருமேதான்.

உடம்பெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு. அது பேய்க்குப் பயப்படுகிற பயம் இல்லை. வீட்டுக்குப் பெரிய ஆள் ஒருவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் தன்னையறியாமல் எழுந்து நிற்கிறோமே, அந்தப் பயம். நியாயம் கேட்கிற ஆண்டவர் வேறு, மன்னிக்கிற ஆண்டவர் வேறு என்பதுபோல ஒருவரை இன்னொருவரிடம் கோள்மூட்டிக்கொண்டிருந்தாளே நேற்று, இந்த வாசலில் வந்து நின்றவர் ஒரே ஆள்தான். அவர் இன்னாசிக்காக மட்டும் வரவில்லை, அவளுக்காகவும்தான் வந்திருந்தார்.

"அண்ணே," என்றாள். "அண்ணே. அன்னைக்கு இந்த எடத்துலதான் ஒங்க மேல மண்ண வாரித் தூத்துனேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். நீங்க கட்டுனேன்னு சொன்னீங்க, நான் நம்பல. தப்பு என்னுதுங்க."

செல்லசாமியின் கை தூணைப் பிடித்துக்கொண்டது.

பின்னால் இன்னும் சத்தமில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அவளுக்கு அவரை நெருக்க வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டிருந்தது. பல்லைக் கடித்து நின்றவள், ஆண்டவரே, மாமாவுக்கு வாயைக் கொடும் என்று கெஞ்சிக்கொண்டு நின்றாள்.

"துணி இருந்துச்சு."

இன்னாசியின் குரல் என்று யாருக்குமே முதலில் தெரியவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கிற அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றோ.

"துணி இருந்துச்சு. முனிக்குக் கட்டுனதுன்னு நெனச்சுப் புடுங்கிப் போட்டவன் நான்தான். தொரைக்கிட்டப் பொய் சொன்னதும் நான்தான். செல்லசாமி மேல ஒரு குத்தமும் இல்ல."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்லசாமி படியிறங்கி, சிலுவையின் நீளம் நெடுக நடந்து, இன்னாசிக்கு முன்னால் போய் நின்றான். அடித்துவிடுவான் என்று பயந்து இரண்டு மூன்று பேர் நகர்ந்து வந்தார்கள். அவன் அடிக்கவில்லை.

"இங்க சொன்னது பத்தாதுங்க," என்றான். "விடியக்காலையில பேர் கூப்புடுற பெரட்டுல சொல்லணும். தொரை முன்னுக்கு, எல்லா ஆளுங்க முன்னுக்கும்."

"சொல்றேன்."

"கங்காணி வேல போயிரும்."

"போகட்டும்."

சொன்னதோடு இன்னாசி அடிமரத்தைத் தரைப்பக்கம் தாழ்த்தினார். நான் இதைப் பிடிக்கத் தகுதியில்லாதவன், வேறு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று முனகினார். இரண்டு வாலிபர்கள் கை நீட்டினார்கள். அருளாயி தோளை எடுக்காமலே திரும்பினாள்.

"யாரும் வாங்காதீங்க. மாமா, விட்றாதீங்க. நீங்கதான் புடிக்கணும். மேல வரைக்கும் நம்ப ரெண்டு பேரும்தான்."

அவர் பிடித்தார். தரைக்கு ஒரு சாண் இருக்கையில் அடிமரம் மறுபடி மேலே ஏறிற்று.

செல்லசாமி வீட்டுக்குள் போனான். கதவைச் சாத்திவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், சாத்தினாலும் கேட்க யாருக்கு வாய் இருக்கிறது. அவன் குடத்தோடு வெளியே வந்தான். அருளாயியின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினான். அவள் தூற்றிய அந்த மண் அவள் காலடியிலேயே நனைந்து சேறாயிற்று. பிறகு பின்னால் போனான். இன்னாசியின் காலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடத்தைச் சாய்க்காமலே நின்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மலையே காது கொடுத்துக்கொண்டிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். அதுவும் பொய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே நின்ற ஒருவரும் இன்றுவரை அதை மறுத்துப் பேசியதில்லை.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குடம் காலியாகிற வரை கேட்டது. முதல் நாள் பாதர் ஊற்றியபோது அழாத இன்னாசி, இப்போது சிறுபிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். செல்லசாமி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையெடுத்துச் சிலுவையைக் கும்பிட்டான். மழை வருது, தூக்கிக்கிட்டுப் போங்க என்றான்.

உச்சிவரை யாரும் பாடவில்லை. பாடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் இன்னாசி சொன்ன சொல் தவறாமல் எழுந்து நின்றார். தொரை கேட்டார், கணக்கப்பிள்ளை கேட்டார், கொழுந்துப் பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். செல்லசாமி கூப்பிடாமலே வந்து வேலியோரம் நின்று கேட்டான். இன்னாசிக்குக் கங்காணி வேலை போயிற்று, மூப்பர் பதவியை அவரே கொடுத்துவிட்டார். பொலிஸ் முறைப்பாடு, விசாரணை என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து அவர் தப்ப வேண்டும் என்று அருளாயி கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. செல்லசாமிக்குப் பழைய வேலை கிடைத்தது. தலை நிமிர்ந்து நடக்கிறான், ஆனால் முன்போல் சிரிப்பதில்லை. சும்மா சொல்லக் கூடாது, இழந்ததெல்லாம் அப்படியே திரும்பிவிடுமா என்ன.

செல்லசாமியோடு முன்னால் போய்க் குளவிக்கூடு பார்க்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. ஆபத்தான வேலை, யாரும் முன்வரவில்லை. இன்னாசி கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது விடியக் காலையில், கொழுந்துப் பெண்கள் நிரையில் இறங்குமுன், அந்தக் கிழ உருவம் கம்பும் சிவப்புத் துணியுமாகச் செடிகளுக்குள் இறங்கிப் போவது தெரியும். பிரேமினி விழுந்த ஏழாம் நம்பர் மலையிலும் போவார். முனிக்கல் பக்கத்தில் துணி கட்டுவதென்றால் கல்லைத் தொடாமல் தள்ளி நின்று, ஒன்றுக்கு இரண்டு தரம் இறுக்கிக் கட்டுவார்.

அருளாயி இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிரையின் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் செடிக்குள் குனிந்து மறையும்போதெல்லாம், ஆண்டவரே, மாமாவைக் குளவி கொட்டாமப் பாத்துக்கொள்ளும் என்று உதடு தானாக முணுமுணுக்கும். முதல் நாள் அப்படி முணுமுணுத்தபோது, யார் பேசியது என்று திடுக்கிட்டு, அவள் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள்.